நூறு வருடம் பிந்திய கண்ணீர் அஞ்சலி

ஆகஸ்ட் 4, 2018, சனி

ஒன்பதாம் வகுப்பு ஓவிய நோட்டு அறுபத்திரண்டு. எல்லாவற்றிலும் ஒரே ஆப்பிள், அதற்கு ஒரே பக்கம் நிழல். பாதி திருத்துவதற்குள் பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்திலிருந்து மதாம் ஒதீல் கூப்பிட்டுவிட்டார்.

வருகிற நவம்பர் பதினொன்றோடு முதல் உலகப்போர் முடிந்து நூறு வருடம். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வராத சிப்பாய்களைப் பற்றி மையத்தில் ஓவியக் கண்காட்சி. ஆறு ஓவியர்கள். ஆறு பேரில் ஒருவரை மூன்று மாதம் பிரான்சுக்கு அனுப்புவார்கள், அங்கேயே தங்கி வரைய.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருடமாக அந்த மையத்தின் படிக்கட்டைத் தேய்க்கிறேன். அவர்களுடைய பாஷையை அவர்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறேன். யார் யாரையோ விமானம் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் திறப்பு விழாவில் ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

பெயர்களைக் கேட்டேன். ஐந்து பேர் சரி. ஆறாவது ஆள் தணிகாசலம். முதலியார்பேட்டையில் பேனர் எழுதுகிறவன்! மஞ்சள் நீராட்டு விழா, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எழுதுகிற ஆள். “அவருடைய கையில் பொய் இல்லை, அமலா” என்கிறார் மதாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அவனுக்குப் பிரெஞ்சு தெரியாதாம். அதனால் அவனுக்கும் மதாமுக்கும் நடுவில் நின்று நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமாம். நல்ல வேலை கிடைத்தது போ.

வீட்டுக்காரர் ரபேலிடம் சொன்னேன். மின்துறை அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்த மனிதர், எதற்கும் அசையமாட்டார். “அமலோற்பவம் அம்மா மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?” என்றார், என் முழுப் பெயரையும் சொல்லி. ஒன்றும் போகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

சென்னையில் ஒரு பெரிய தலைவர் காலமாகி இரண்டு நாள். ஊர் முழுக்கச் சுவரொட்டி. பள்ளிக்கூடம் விடுமுறை.

தணிகாசலம் வீட்டுக்கு வந்தான். முப்பத்தாறு வயது இருக்கும். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு பெயின்ட். ராத்திரி பகலாக அஞ்சலி எழுதினானாம், கண் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாக அக்கா என்று ஆரம்பித்துவிட்டான். கூடத்தில் மாட்டியிருந்த என் கடற்கரை நீர்வண்ணப் படத்தின் முன்னால் போய் நின்றவன் நகரவே இல்லை.

“யக்கா, அல இப்புடி மடங்குது பாருங்க, இதுக்குள்ள வெளிச்சம் எப்புடிக்கா வந்துச்சு? நானெல்லாம் வெள்ள பெயின்ட்ட அப்பிட்டுப் போயிடுவேன். கைய குடுங்கக்கா.”

நிஜமாகவே கையைப் பிடித்துக் குலுக்கினான். இவ்வளவு சுலபமாகப் பாராட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தணிகாசலமும் நானும் பாகூர் போனோம். என் ஸ்கூட்டியில் நான், அவன் பைக்கில் அவன்.

கோவிந்தராசு என்பவர் வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவைப் பெற்றவர்தான் சிப்பாய் வைரக்கண்ணு. 1915-இல் போனவர். 1917-இல் காணாமல் போய், பிறகு இறந்தவர் கணக்கில் சேர்க்கப்பட்டவர். மதாம் கொடுத்த காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது.

சுவரில் வரிசையாகப் படங்கள். எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, சீரியல் பல்பு. பட்டாளத்து உடுப்பில் நின்ற வைரக்கண்ணுவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்து வெறுமனே வைத்திருந்தார்கள்.

தணிகாசலம் போனவுடனே நோட்டைத் திறந்து பெயர் கேட்க ஆரம்பித்துவிட்டான். மூத்த மகன் யார், அவர் சம்சாரம் யார், பேரன் பேத்தி யார் யார். எதற்கு என்று கேட்டேன். “தெரியலக்கா. நம்ம தொழில்ல மொதல்ல பேரத்தான் வாங்குவோம். ஒரு பேரு வுட்டுப்போச்சுன்னா சாவு வூட்ல அடிதடி ஆயிடும்” என்றான். அடுத்த தெருவில் இளைய மகன் வழி ஆட்கள் இருக்கிறார்கள் என்றதும் நோட்டோடு அங்கே ஓடினான்.

அவன் போனதும் கோவிந்தராசு என்னைப் பார்த்தார்.

“அந்தப் படத்துக்கு ஏன் பொட்டு வைக்கலன்னு பாக்குறீங்களாம்மா?”

“ஆமாங்க ஐயா.”

“பதினெட்டுல சர்க்கார் ஆளு ஒருத்தன் கடுதாசி எடுத்தாந்தானாம். உம் புருசன் செத்துட்டான், இதுல கைநாட்டு வை, பென்சன் வரும்னானாம். எங்க ஆயா, ஒடம்பக் காட்டு, வைக்கிறேன்னுட்டாங்க. கடேசி வரிக்கும் வைக்கல. தாலிய எடுக்கல, பூவ எடுக்கல. ஊரு என்னென்னமோ பேசிச்சு. கல்யாணங்காச்சிக்குக் கூப்புட மாட்டாங்க. அந்தம்மா கண்டுக்கவே இல்ல. எழுவத்தொண்ணுல போனாங்க, மஞ்சக் குங்குமத்தோடதான் எடுத்தோம். எங்க வூட்ல அவரு செத்தாருன்னு இன்னி வரிக்கும் யாரும் வாயால சொன்னதில்லம்மா. கருமாதி கெடயாது, தெவசம் கெடயாது.”

“அவங்க பேரு என்னங்க?”

“பாஞ்சாலி. என்னத் தவுர இப்ப யாருக்குந் தெரியாது. புள்ளைங்களுக்கெல்லாம் ஆயாதான். ஊருக்கு சொல்தா பொஞ்சாதி.” இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை அப்படித்தான் சொல்வோம், சொல்தா என்று.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “அந்தத் தம்பிகிட்ட சொல்லி வைங்கம்மா. வெளயாட்டா மாலகீல போட்டு வரைஞ்சிடப் போறாரு. எங்களுக்குத் தாங்காது.”

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 13

சொல்லவில்லை. அவன் அவசரமாக இருந்தான். சந்தர்ப்பம் வரவில்லை.

செப்டம்பர் 5, புதன்

ஆசிரியர் தினம். நாற்பது ரோஜாப்பூ, இரண்டு பேனா, ஒரு சுவர்க்கடிகாரம்.

மதியம் மதாம் வேலைகளைப் பார்க்க வந்தார். கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தைப் பன்னிரண்டு நேரங்களில், பன்னிரண்டு வெளிச்சத்தில் வரைந்திருக்கிறேன். ஒரு மாத உழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி கொடுத்தார். “மிக அழகு, அமலா” என்றார். அந்த “மிக அழகு” எனக்குத் தெரியும். ஓட்டலில் இட்லியை வைத்துவிட்டுப் போனால் நானும் அப்படித்தான் தலையாட்டுவேன்.

அங்கிருந்து முதலியார்பேட்டை. தணிகாசலத்தின் கொட்டகையில் இன்னும் ஒரு படம்கூட இல்லை. நோட்டு மட்டும்தான். ஐந்து சிப்பாய்கள், ஐந்து குடும்பங்கள், நூற்றுப் பதினேழு பெயர்கள். மதாம் அந்த நோட்டை இருபது நிமிடம் புரட்டினார். தமிழ் ஓர் எழுத்து தெரியாது அவருக்கு! “இவர் எங்கே போகிறார் என்று எனக்குப் புரிகிறது” என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். “எனக்கே புரியலியேக்கா” என்று சிரித்தான்.

ஸ்கூட்டியை உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது. சனியன், இன்றைக்கென்று ஸ்டார்ட் ஆகவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

தணிகாசலம் போன் செய்து வரச் சொன்னான். போனேன்.

கொட்டகைச் சுவர் முழுக்க எட்டடிக்கு ஆறடித் தாள். அச்சு இல்லை, முழுக்கக் கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் வைரக்கண்ணு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை. தோற்றம் 1893. மறைவு 1917. ‘மாவீரன் மறைந்தாரே’ என்று வழக்கமாக எழுதும் வசனம் எதுவும் இல்லை. “தகவல் பிந்திக் கிடைத்ததால் தாமதமாக அஞ்சலி செலுத்துகிறோம்” என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, “உன் பிரிவால் வாடும்” என்று போட்டு மகன்கள், மருமகள்கள், பேரன்கள், பேத்திகள், கொள்ளுப்பேரன்கள். செத்தவர்கள், இருப்பவர்கள், போன மாதம் பிறந்த குழந்தைவரை. அடியில் கைகூப்பிய சின்னச் சின்ன முகங்கள், தெருமுனைப் போஸ்டரில் இருப்பது மாதிரியே.

“ஊரு பூரா போன மாசம் அஞ்சலி எழுதினேனாக்கா. கை வலிச்சுது. அப்பதான் தோணிச்சு, இவங்களுக்கு யாரு ஒட்டினாங்கன்னு. மையத்துச் செவுத்துல மைதா பசை போட்டு ஒட்டிடலாம்னு இருக்கேன். ஃபிரேமு வேணாம்.”

நான் நின்றேன். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

(மேலே கடைசி வரியை அடித்தேன். அடித்தும் தெரிகிறது. தெரியட்டும்.)

“எப்புடிக்கா இருக்கு?” என்றான்.

“எழுத்து நேரா இருக்கு” என்றேன்.

பெயர்ப் பட்டியலில் முதல் வரி காலியாக இருந்தது. மனைவி என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தான். “அந்தம்மா பேரு யாருக்கும் தெரியலக்கா. கோவிந்தராசு அண்ணனத்தான் கேக்கணுமாம். அவரு மக வூட்டுக்கு மஸ்கட் போயிட்டாராம், நவம்பர்லதான் வருவாராம், அங்க போன் போட்டா லைனே கெடைக்கல. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னாரா?”

“இல்ல. தெரியாதுன்னுட்டாரு.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சின்ன விஷயம்தான். மறைவு 1917 என்பதையும் பார்த்தேன். அதைப் பற்றியும் பேசவில்லை. நான் என்ன அவனுக்கு மேஸ்திரியா? அவன் வேலை, அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மொழிபெயர்க்க வந்தவள். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு என்றால் சொல்லலாம். இது தமிழிலிருந்து தமிழுக்கு.

செப்டம்பர் 24

பன்னிரண்டு நினைவிடங்களையும் சுருட்டிப் பரணில் போட்டேன். பெரிய கேன்வாஸ் வாங்கினேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

பாஞ்சாலியை வரைகிறேன். காகிதம் வந்தது இளவயதில்தான், ஆனாலும் நான் வரைவது அறுபது வயதுப் பாஞ்சாலி, கதவுநிலையில் நிற்கிறாள். காரை பெயர்ந்த சுவர். தலை நிறைய கனகாம்பரம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எதிரே நிற்கிற ஆள் நீட்டும் காகிதம் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்க்கிறாள். இவ்வளவு கோபமான முகத்தை நான் இதுவரை வரைந்ததில்லை.

ரபேல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்குடி. நெசமா நல்லா இருக்கு. யாரு இது?”

சொன்னேன், கதை முழுக்க.

“தணிகாசலத்துக்கு இது தெரியுமா?”

“காபில சக்கர இல்ல” என்றேன்.

சர்க்கரையை எடுத்துவந்து போட்டார். மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்டோபர் 18, வியாழன்

ஆயுத பூசை. தணிகாசலம் பொரி, கடலை, ஒரு தேங்காய் மூடி கொடுத்தனுப்பினான். என் தூரிகைகளுக்கும் சேர்த்துச் சாமி கும்பிட்டானாம்.

பொரி நமுத்திருந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27

மதாம் பாஞ்சாலியைப் பார்த்தார். ‘மிக அழகு’ வரவில்லை! பன்னிரண்டு நிமிடம், நான் கடிகாரம் பார்த்தேன். தலைப்பு என்ன என்றார். இப்போதைக்கு ‘காத்திருப்பவள்’ என்றேன், திறப்பு விழாவுக்கு மாற்றுவேன் என்றேன்.

வீடு வரும்வரை பாடிக்கொண்டே வந்தேன். ரெட்டியார்பாளையம் சிக்னலில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். அப்பா, அம்மா, சித்தி மூன்று பேருக்கும் மெழுகுவர்த்தி, சாமந்தி. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை.

சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறாமை என்று சொல்லவில்லை. சுவாமி, இப்போதெல்லாம் அடிக்கடி கோபம் வருகிறது என்றேன். மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னார். இவ்வளவு மலிவாகத் தப்பித்தது எனக்கே சங்கடமாக இருந்தது.

நவம்பர் 8, வியாழன்

தீபாவளிப் பட்டாசுக் குப்பையை இன்னும் யாரும் அள்ளவில்லை. ஸ்கூட்டியில் வரும்போது கண்ணில் காகிதம் பறக்கிறது.

மையத்தில் படங்களை ஏற்றும் நாள். தணிகாசலம் மாடிப்படிக்குக் கீழே ஸ்டவ்வை வைத்து மைதா பசை காய்ச்சினான். கடைசியில் மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டான்.

“அது எதுக்கு?”

“மாடு போஸ்டரத் தின்னாம இருக்கத்தான்.”

“ஏசி ஹாலுக்குள்ள எந்த மாடுடா வரும்?”

“பழக்கம்க்கா” என்று சிரித்தான். மதாமுக்கு மொழிபெயர்த்தேன். அவர் அதை ஓர் உரையில் சேர்க்கப்போகிறாராம். அவன் தும்மினால்கூட அதை உரையில் சேர்த்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அவனுடைய ஐந்து போஸ்டர்களில் வைரக்கண்ணுவினுடையதற்கு நேர் எதிர்ச்சுவரில் என் பாஞ்சாலி. மதாமின் ஏற்பாடு. போஸ்டரின் முதல் வரியில் ‘மனைவி’, பக்கத்தில் காலியிடம். கோவிந்தராசு மஸ்கட்டிலிருந்து பத்தாம் தேதிதான் வருகிறாராம். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகத் தகவல்.

இப்போதாவது சொல்லலாம். இரண்டு நாள் இருக்கிறது. மறைவு என்பதை அழித்துவிட்டு வேறேதாவது எழுத அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வீட்டுக்காரர்கள் வந்து கத்தினால் என்ன ஆகும்? போஸ்டரைக் கிழிப்பார்கள். மதாமுக்கு அசிங்கம். அவனுக்குப் பிரான்சு கைநழுவிவிடும்.

சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி நிஜம்.

நவம்பர் 10

தலைப்பு அட்டையை மதாமிடம் கொடுத்தேன், தமிழிலும் பிரெஞ்சிலும்: ‘பாஞ்சாலி. சொல்தா வைரக்கண்ணுவின் மனைவி.’ தணிகாசலம் பார்ப்பான்தான். பார்த்தால் என்ன, பிற்பாடு ஞாபகம் வந்தது என்பேன். அந்தப் பெயரை நான்தான் கேட்டேன். நான்தான் சொல்வேன்.

நவம்பர் 12, திங்கள்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டேன். நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நான்கு மணிக்குத் திறப்பு விழா. பச்சைப் பட்டுப்புடவை. ரபேலும் வந்தார், கழுத்தில் டையோடு. மதாம் உரை, மயில்துத்தம் உட்பட. நான்கரைக்கு வேன் வந்தது. பாகூர்க்காரர்கள் இருபத்து மூன்று பேர். கோவிந்தராசு முன்னால், வெள்ளை வேட்டி சட்டையில்.

அவர் போஸ்டரின் முன்னால் போய் நின்றார். நான் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாசித்தார். கண்டக்டர் வாசிப்பு, உதடு அசைய அசைய. மறைவு 1917 என்ற இடத்தில் உதடு நின்றது.

அவர் பின்னால் நின்ற சின்னவர்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பெயர் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

“டேய், எம் பேருடா!”

“எங்கப்பா பேரு எங்க? பெரிய மாமா பேரு பெருசா இருக்கு, எங்கப்பாவக் காணும்!”

“இருக்குடி, கீழ பாரு, ஞானவேலு.”

“கீழ ஏன் போட்டாரு? எங்கப்பா என்ன எளப்பமா?”

இரண்டு பெண்கள் அங்கேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். பெயர் கீழே போனதற்கா, கொள்ளுத்தாத்தா செத்ததற்கா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அழுதார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிஜமான சாவு வீட்டு அழுகையே அழுதாள். வெள்ளைக்காரர்கள் ஜூஸ் டம்ளரோடு அப்படியே நின்றார்கள்.

கோவிந்தராசு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். போஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பினார். தணிகாசலத்தைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன்.

“தம்பி, நூறு வருசமா எங்களால முடியல. நீ ஒட்டிட்ட” என்றார். “மனசு லேசாயிடுச்சு.” மறுபடி போஸ்டரைப் பார்த்தார். “எங்க ஆயா பேரு ஏன் காலியா இருக்கு?”

“பேரு தெரியலண்ணே. அக்காவக் கேட்டேன். நீங்களே தெரியாதுன்னு சொல்லிட்டதா...”

கோவிந்தராசு என்னைப் பார்த்தார். கோபமில்லை. புரியாத பார்வை. “நான் சொன்னனேம்மா. எல்லாத்தையும் உங்ககிட்டதானே சொன்னேன். தம்பிகிட்ட சொல்லி வைங்கன்னுகூடச் சொன்னனே.”

தணிகாசலம் என்னைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, என் தோளுக்கு மேலே எதிர்ச்சுவரைப் பார்த்தான். அட்டையில் நான் எழுதிய எழுத்து அங்கிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரியது. அவன் படித்தான். கோவிந்தராசு படித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் படித்தார்கள். ரபேல் மட்டும் படிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். பிற்பாடு ஞாபகம் வந்தது என்பேன் என்று வைத்திருந்தேனே, அதுகூட வாயில் வரவில்லை.

தணிகாசலம் சட்டைப்பையில் இருந்து பிரஷ்ஷை எடுத்தான். “எழுதிடவாண்ணே? அஞ்சு நிமிசம்.”

கோவிந்தராசு கைநீட்டித் தடுத்தார். என் படத்தின் முன்னால் போய் ரொம்ப நேரம் நின்றார். “மூக்கு இப்படி இல்ல” என்றார். “ஆனா பார்வ இதான்.” பிறகு தணிகாசலத்திடம் சொன்னார்: “வேணாம் தம்பி. நாங்க எல்லாரும் அழுதாச்சு. அவங்க அழ மாட்டாங்க. அங்க கைநாட்டு வைக்காதவங்கள இங்க வைக்கச் சொல்லக்கூடாது. எடம் காலியாவே இருக்கட்டும்.”

மதாம் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது, பிரெஞ்சில் கொட்டினார்: இந்தச் சுவரில் எல்லாரும் துக்கம் கொண்டாடுகிறார்கள், மனைவியின் இடம் மட்டும் காலி. எதிர்ச்சுவரில் அவள் நின்று மறுக்கிறாள். என்ன ஒரு யோசனை! நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திட்டமிட்டதா? தணிகாசலத்தைக் கேளுங்கள், அமலா.

கேட்டேன். தமிழில், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் பிரஷ்ஷைச் சட்டைப்பையில் திருப்பி வைத்தான். பிறகு, “ஆமான்னு சொல்லிடுங்கக்கா” என்றான்.

அவன் அருகில் நின்றவர்களில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நானும் ரபேலும் மட்டும்தான். ‘வீ’ என்றேன், பிரெஞ்சில் ஆமாம். “ஆம் என்று சொல்கிறார், மதாம்.” என் வாயாலேயே சொன்னேன்.

வேனில் ஏறும்போது கோவிந்தராசு எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரபேல் சொன்னார், “அந்த ஆளு உன்ன அடிச்சிருந்தாகூட உனக்குத் தேவலையா இருந்திருக்கும், இல்ல?” தட்டை எடுத்து வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. அவர் சொன்னது சரி.

நவம்பர் 16, வெள்ளி

புயல். நாகப்பட்டினத்தில் கரையேறிவிட்டதாம். இங்கே மழை மட்டும். பள்ளி விடுமுறை.

தணிகாசலம் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? இரண்டுமே அவனைத்தான் பெரிய மனிதனாக்கும். ஏற்கெனவே ஆகிவிட்டான்.

இதை அடிக்கவில்லை.

நவம்பர் 24, சனி

காலை பத்து மணி இருக்கும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம்.

தணிகாசலம் நின்றான், கையில் மையத்துக் கவர். “பிரெஞ்சுல இருக்குக்கா. வேற யாரும் தெரியாது எனக்கு.”

உட்காரச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். முதல் வரியிலேயே எல்லாம் இருந்தது. என் கண் கீழே ஓடி மேலே வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், அவன் சரிக்கா என்று எழுந்து போயிருப்பான். ஒரு வாரத்துக்காவது நம்பியிருப்பான். அந்த எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். வந்தது.

வாசித்தேன். அன்புள்ள திரு தணிகாசலம் என்பதிலிருந்து கையெழுத்துவரை, ஒரு வார்த்தை விடாமல். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம். தங்குவதற்கு ஓர் அறை, வேலை செய்ய ஒரு கூடம். அமலோற்பவம் அவர்களின் ஓவியத்தையும் தேர்வுக்குழு மிகவும் மதித்தது, ஆனால் இடம் ஒன்றுதான் என்பது கடைசிப் பத்தி. அதையும் வாசித்தேன். குரல் உடைந்தது, இருமி மறைத்தேன்.

அவன் குதிக்கவில்லை. கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கீரைத் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

“யக்கா, ஒண்ணு கேக்கவா? பேரு தெரியாதுன்னு ஏங்கா சொன்னீங்க?”

சமையலறையில் ரபேல் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“நீ நல்லா பண்ணியிருந்த” என்றேன். “ரொம்ப நல்லா பண்ணியிருந்த. என்னால தாங்க முடியல.”

அவன் நிமிர்ந்தான். திட்டுவான், எழுந்து போவான் என்று பார்த்தேன். முகம் மெல்ல மாறியது. காதுவரை சிவந்துவிட்டது. மடியிலிருந்த கடிதம் நழுவித் தரையில் விழுந்தது, அவன் குனிந்து எடுக்கவில்லை.

“நெசமாவாக்கா?” என்றான். “நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுடா.”

“இன்னொரு தபா சொல்லுங்கக்கா.”

சொன்னேன்.